அட்ஜர்ன், சைனி டை, ப்ரொரோக், டிசால்வ்... சட்டப்பேரவை செய்திகளில் வரும் இந்த வார்த்தைகளுக்கு என்ன வித்தியாசம்?

2022 பிப்ரவரி 12. மேற்கு வங்க சட்டப்பேரவையை அப்போதைய ஆளுநர் ஜெகதீப் தன்கர் 'ப்ரொரோக்' செய்தார். உடனே 'பேரவையை முடக்கிட்டாரு' என்று சமூக வலைதளங்கள் பரபரத்தன. தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலினும் ஆளுநரை விமர்சித்தார். மாநில அரசு கேட்டுக்கொண்டதால்தான் அப்படிச் செய்தேன் என்று தன்கர் பதில் சொன்னார். அப்போ ப்ரொரோக் என்றால் முடக்கம் இல்லையா? இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அட்ஜர்ன் - ஒத்திவைப்பு
அமளி, உணவு இடைவேளை, இரங்கல் என்று சில மணி நேரமோ, சில நாட்களோ அவையை நிறுத்திவைப்பது. முடிவெடுப்பவர் சபாநாயகர்.

சைனி டை - தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு
'நாள் இல்லாமல்' என்று பொருள் தரும் லத்தீன் சொல். இதுவும் சபாநாயகர் கையில்தான். ஆனால், கூட்டத்தொடர் இன்னும் முடியவில்லை.

ப்ரொரோக் - கூட்டத்தொடரை முடித்துவைப்பது
சட்டப்பேரவைக்கு ஆளுநர் (பிரிவு 174), நாடாளுமன்றத்துக்குக் குடியரசுத் தலைவர் (பிரிவு 85). வழக்கமாக அமைச்சரவையின் பரிந்துரைப்படி நடக்கும். எம்.எல்.ஏ.க்கள் பதவி அப்படியே இருக்கும். நிலுவையில் உள்ள மசோதாக்களும் காலாவதி ஆகாது.

டிசால்வ் - கலைப்பு
அவையே கலைந்துவிடும். எம்.எல்.ஏ. பதவிகள் போய்விடும். அடுத்து தேர்தல்தான்.

அப்போ எதுதான் முடக்கம்?
'சஸ்பெண்டட் அனிமேஷன்'. குடியரசுத் தலைவர் ஆட்சி வரும்போது, பேரவையைக் கலைக்காமல் செயல்படாமல் மட்டும் வைப்பது. 2025 பிப்ரவரியில் மணிப்பூரில் நடந்தது இதுதான்.

இதெல்லாம் ஏன் முக்கியம்?
பேரவைக் கூட்டத்தொடர் நடப்பில் இருக்கும்போது ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. சைனி டை மட்டும் போதாது, ப்ரொரோக் ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மவுசு.

பிரிட்டனிலும் இதே வார்த்தை புயலைக் கிளப்பியது. பிரெக்ஸிட் நெருக்கடியின்போது பிரதமர் போரிஸ் ஜான்சன் ஆலோசனைப்படி நாடாளுமன்றம் ப்ரொரோக் செய்யப்பட்டது. அது சட்டவிரோதம் என 2019 செப்டம்பர் 24-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இனி 'பேரவை முடக்கம்' என்று தலைப்பைப் பார்த்தால் ஷேர் செய்வதற்கு முன் ஒன்றை கவனியுங்கள்: உத்தரவு போட்டது சபாநாயகரா, ஆளுநரா? சபாநாயகர் என்றால் அது வெறும் ஒத்திவைப்புதான்.