வாடாத பச்சை

ஹாலி இலை எனக்கு அட்டைகளில்தான் பழக்கம். விளிம்பெல்லாம் முள், கரும்பச்சை, நடுவே கொத்தாகச் சிவப்புக் காய். பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்த எவருக்கும் இது தெரிந்த இலை. செடியாக எங்கும் பார்த்திராத இலை. டிசம்பர் மாதத்தில் சென்னைக் கடைகளில் அதே இலை பிளாஸ்டிக்கில் சரமாகத் தொங்குகிறது. உடன் பஞ்சினால் ஆன பனி.

இந்தப் பச்சை எப்படிக் கிறிஸ்துமஸ் வீட்டுக்குள் வந்தது என்று கேட்டால் பொதுவாக ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள்: அது கிறிஸ்தவத்துக்கு முந்திய வழக்கம், குளிர்காலத்திலும் உதிராத இலை உயிரின் சின்னம் என்று. பதிலில் பொய் இல்லை. ஆனால் ‘ஆதி’ என்று ஒன்றைச் சுட்டிக்காட்டிய உடனே இடைக்காலம் முழுவதும் வீண் விவரமாகிப்போகிறது. இடையில் நடந்ததுதான் விஷயம் என்பது என் கட்சி. தெருவில் நின்ற பச்சை கூடத்துக்குள் போனது எப்படி, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை இங்கிலாந்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

ஆனால் ஆரம்பம் ரோமாபுரி ராஜ்யத்தில்தான். கி.பி. 200ஐ ஒட்டி, கார்த்தேஜ் நகரத்து டெர்டுல்லியன் தம் சக கிறிஸ்தவர்களைக் கடிந்துகொண்டார். ராஜ விழாக்களில் அஞ்ஞானிகளின் வாசல்களைவிடக் கிறிஸ்தவர்களின் வாசல்களில்தான் லாரல் தழையும் விளக்கும் அதிகம் என்பது அவர் புகார். விசுவாசியே என்றும் பசுமையான மரமாக இருக்கும்போது வாசலில் எதற்குத் தழை என்பது அவர் வாதம். கவிதை போன்ற வாதம். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 6ஆம் நூற்றாண்டில் பிராகா ஆயர் மார்ட்டின் தொகுத்த விதிகளிலும் ஜனவரிப் பிறப்புக்கு வீட்டைச் சுற்றி லாரலும் பசுந்தழையும் கட்டக்கூடாது என்ற தடை வருகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் தடை செய்யவேண்டியிருந்தது என்றால், வழக்கம் நின்றபாடில்லை என்று பொருள்.

601இல் போப் கிரெகரி வேறு மாதிரி யோசித்தார். இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த மெல்லிட்டஸுக்கு அவர் எழுதிய கடிதம் பீட் எழுதிய சரித்திரத்தில் இருக்கிறது. கோயில்களை இடிக்காதே, விக்கிரகங்களை மட்டும் அகற்று. ஜனங்கள் பழைய கோயிலைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போட்டு விருந்துண்ணட்டும், விழா மட்டும் கிறிஸ்தவ விழாவாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். டெர்டுல்லியன் இலையின் அர்த்தத்துக்குப் பயந்தார். அர்த்தம் மாற்றக்கூடியது, கிளை கிளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிரெகரிக்குத் தெரிந்திருந்தது. ஸ்தாபனங்களில் ஜெயிப்பது கிரெகரிகள்தான்.

அதன் பிறகு பல நூற்றாண்டுகளுக்கு ஆங்கிலப் பச்சை பொதுச் சொத்தாகவே இருந்தது. 1598இல் லண்டன் நகரத்தைத் தெருத்தெருவாக வர்ணித்த ஜான் ஸ்டோ, கிறிஸ்துமஸில் எல்லார் வீடுகளிலும் எல்லாக் கோயில்களிலும் ஹாலியும் ஐவியும் பே இலையும் கட்டுவார்கள் என்கிறார். தெருமுனைக் கம்பங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அதே அலங்காரம். பழைய சம்பவம் ஒன்றையும் சொல்கிறார். 1444 பிப்ரவரியில் இடியும் மின்னலுமாக ஒரு புயல். கார்ன்ஹில் தெருவில் லெடன்ஹால் அருகே, ஜனங்களின் கிறிஸ்துமஸ் குதூகலத்துக்காக ஹாலியும் ஐவியும் ஆணியடித்து நட்டிருந்த மரத்தை அது வேரோடு பிடுங்கி எறிந்தது. துஷ்ட ஆவியின் வேலை என்று மக்கள் நினைத்தார்களாம். நமக்கு முக்கியம் ஆவி அல்ல, மரம் நின்ற இடம். அது நடுத்தெருவில் நின்றது. யாருடைய மரம் என்று கேட்க இடமில்லை.

அதே கார்ன்ஹில்லில் 203 ஆண்டுகள் கழித்து இன்னொரு புயல். இம்முறை மனிதர்கள் கிளப்பியது. 1647 ஜூனில் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் பண்டிகையையே ரத்து செய்தது. வேதத்தில் அந்தத் தேதிக்கு ஆதாரம் இல்லை, குடியும் கூத்துமாக இருக்கிறது என்பது பியூரிட்டன்களின் நியாயம். அந்த டிசம்பரில் கார்ன்ஹில் தண்ணீர்த் தொட்டியை யாரோ வழக்கம்போல ரோஸ்மேரி, பே, ஐவித் தழைகளால் அலங்கரித்துவிட்டார்கள். அதை அகற்ற லண்டன் மேயரே ஆட்களுடன் வரவேண்டியிருந்தது, கைகலப்பாயிற்று. காண்டர்பரியில் நிலைமை இன்னும் மோசம். டிசம்பர் 25 அன்று கடைகளைத் திறக்கும்படி உத்தரவு. திறந்தவர்கள் சிலரே, அவர்களுடைய சரக்கும் தெருவில் இறைந்தது. மேயர் அடிபட்டுக் கீழே விழுந்தார். எதிர்ப்பின் அடையாளமாக ஜனங்கள் வாசலில் ஹாலிக் கொத்துகளைக் கட்டிவைத்தார்கள். மறு ஆண்டு மே மாதம் கலகக்காரர்களை விசாரிக்கக் கூடிய ஜூரிகள் குற்றச்சாட்டை ஏற்க மறுத்தார்கள். அதைத் தொடர்ந்து கென்ட் முழுவதும் எழுந்தது. இரண்டாவது உள்நாட்டு யுத்தத்தின் ஒரு முனை அது.

வீட்டு அலங்காரம் என்று நாம் சொல்லும் சமாசாரம் ஒருமுறையாவது ராஜ்யத்தை எதிர்த்து நின்றிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. காண்டர்பரி வாசலில் தொங்கிய ஹாலிக்கு ‘உயிரின் சின்னம்’ என்று பொருள் சொன்னால் அபத்தம். ‘உன் உத்தரவு என் வாசலில் செல்லாது’ என்பதே அன்று அதன் பொருள். 1660இல் மன்னராட்சி திரும்பியது, கிறிஸ்துமஸும் திரும்பியது. ஆனால் அதன் பிறகு பச்சை மெல்ல மெல்ல வாசலிலிருந்து உள்ளே நகர ஆரம்பிக்கிறது.

இந்த நகர்வுக்கு ஒரு பொருளாதாரம் உண்டு. 1604 முதல் 1914 வரை இங்கிலாந்தில் பொது நிலங்களை வேலியடைக்க 5,200க்கு மேற்பட்ட சட்டங்கள் இயற்றப்பட்டன. 68 லட்சம் ஏக்கர் நிலம் அடைபட்டது. ஹாலி காட்டிலும் வேலியோரத்திலும் தானாக வளர்வது. நேற்று வரை நடந்துபோய் ஒடித்துவந்த கிளை இன்று இன்னொருவன் வேலிக்குள் நிற்கிறது. பட்டணத்தில் குடியேறியவனுக்கு வேலியும் இல்லை. ஆகவே வாங்கவேண்டும். 1851இல் லண்டன் ஏழைகளின் பிழைப்பைப் பற்றி எழுதிய ஹென்றி மேஹ்யூ இந்த வியாபாரத்தையும் கணக்கில் ஏற்றியிருக்கிறார். தெருக்களில் விற்ற ஹாலி, ஐவி, மிஸில்டோக் கிளைகள் ஏறத்தாழ 2,50,000. ஒரு குடும்பத்தின் செலவு 2 பென்ஸிலிருந்து ஒன்றரை ஷில்லிங் வரை. ஏழைகள் ஒரு பென்னிக்கோ அரைப் பென்னிக்கோ வாங்கினார்கள். கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தப் பக்கத்தில் அரைப் பென்னிதான் கண்ணை உறுத்துகிறது. பச்சை அப்போதே அரைப் பென்னிக்குத் துண்டாக்கப்பட்டுவிட்டது.

மேஹ்யூவுக்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1843 டிசம்பர் 19 அன்று, டிக்கன்ஸின் ‘ஒரு கிறிஸ்துமஸ் கீதம்’ வெளிவந்தது. அதன் மூன்றாம் பகுதியில் கஞ்சன் ஸ்க்ரூஜின் அறை ஒரு சோலையாக மாறிவிடுகிறது. சுவரெல்லாம் உயிருள்ள பச்சை, கணப்பில் பெருந்தீ, நடுவே பச்சை அங்கியும் ஹாலி மகுடமும் அணிந்த ராட்சத உருவம். 1444இல் தெருவில் நின்ற மரம் இங்கே அறைக்குள் காடாகிவிட்டது. 1848இல் ஒரு லண்டன் பத்திரிகை விக்டோரியா ராணியும் ஆல்பர்ட்டும் குழந்தைகளுடன் மேஜைமேல் வைத்த மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை வெளியிட்டது. ராணி சார்லட் 1800லேயே வின்ஸரில் ஜெர்மன் வழக்கப்படி மரம் வைத்திருந்தாலும், இந்தப் படத்துக்குப் பிறகுதான் மத்தியதர வர்க்கம் மரத்தைத் தனதாக்கிக்கொண்டது.

நாம் இன்று கிறிஸ்துமஸின் ‘கதகதப்பு’ என்று உணரும் நிறங்கள் இந்த அறையினுடையவை. அடர்ந்த சிவப்பு, கரும்பச்சை, மரத்தின் பழுப்பு, பித்தளை மஞ்சள். இவை அழகுணர்ச்சி மட்டும் தேர்ந்தெடுத்த நிறங்கள் அல்ல. நிலக்கரிக் கணப்பும் காஸ் விளக்கும் புகை கக்கிய வீட்டில் வெளிர்நிறம் ஒரு பருவம் தாங்காது. இருண்ட நிறம் கரியை மறைக்கும். காஸ் காற்றில் மென்மையான செடிகள் சாகும். ஐவி போன்ற முரட்டு இலைகள் பிழைக்கும். வெளியே குளிர், புகைமூட்டம், அரைப் பென்னிக்கு இலை விற்பவன். உள்ளே திரைச்சீலை, தீ, குடும்பம். அந்தக் கதகதப்பு வெளியே இருக்கும் குளிரைக் கொண்டுதான் தன்னை உணர்ந்தது.

இந்த அறைக்குப் பச்சை போதவில்லை. இலை வாடும், வாடாத பச்சை வேண்டும். அது ரசாயனசாலையில் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1775இல் ஸ்வீடனின் ஷீலே தாமிரத்தையும் ஆர்ஸனிக் என்னும் பாஷாணத்தையும் சேர்த்து ஒரு பச்சையை உண்டாக்கினார். 1814இல் இன்னும் பிரகாசமான மரகதப் பச்சை வந்தது. நீலத்தையும் மஞ்சளையும் கலந்த பழைய பச்சைகள் இதன் முன் மங்கிப்போயின. சுவர்க் காகிதம், துணி, பெண்கள் தலையில் சூடும் செயற்கை இலை மாலை எல்லாவற்றிலும் இதுவே ஏறியது.

1861 நவம்பர் 20 அன்று லண்டனில் மெட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண் இறந்தாள். செயற்கை இலைகளில் பச்சைப் பொடி தூவுவது அவள் வேலை. கடைசியில் அவள் கண்ணின் வெண்படலமும் நகங்களும் பச்சையாகிவிட்டன. பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று வைத்தியரிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த பிப்ரவரியில் ரசாயன அறிஞர் ஹாஃப்மன், இருபது பேரைக் கொல்லும் பாஷாணம் ஒரே தலைமாலையில் இருக்கிறது என்று ‘டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். பரபரப்பு எழுந்தது. மாலை சூடியவர்களைப் பற்றிய பரபரப்பே அதிகம்.

அறையின் அழகைப் பற்றி அந்த நூற்றாண்டில் வேறு எவரையும்விட ஆழ்ந்து யோசித்தவர் வில்லியம் மாரிஸ். தொழிலாளி தன் உழைப்பில் இன்பம் காணவேண்டும் என்றவர், 1883இல் சோஷலிஸ்டானவர். அவருடைய குடும்பச் செல்வம் டெவன் கிரேட் கன்ஸால்ஸ் சுரங்கத்திலிருந்து வந்தது. முதலில் தாமிரம், பிறகு பாஷாணம். 1871 முதல் 1875 வரை அவர் அதன் டைரக்டர். ரோஜாக்கொடி படர்ந்த பந்தலை வரைந்த அவரது ஆரம்பகாலச் சுவர்க் காகிதம் ஒன்றை 2003இல் சோதித்தபோது, பச்சை நிறத்தில் பாஷாணம் இருப்பது உறுதியாயிற்று. 1885இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்திலும் அவர் இந்த விஷ பயத்தை வைத்தியர்களின் வெறும் பிரமை என்றே தள்ளினார். மாரிஸைக் கபடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்த இடத்திலிருந்து அவருக்குச் சுவர் தெரிந்தது, சுரங்கம் தெரியவில்லை. இது அவர் ஒருவரின் குறை என்று விட்டுவிட முடியாது; அழகைப் பற்றிப் பேசும் நம் எல்லாருக்கும் உள்ள ஆபத்து. பாஷாணக் காகிதத்தைத் தடுக்கப் பிரிட்டனில் சட்டம் வரவே இல்லை. வாங்குபவர்கள் பயந்ததால் தயாரிப்பாளர்கள் மாறிக்கொண்டார்கள்.

டிக்கன்ஸுக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். பாஷாணம் அல்ல, பச்சையின் அடிப்புறம். குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிய 1843 அரசாங்க அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு துண்டுப் பிரசுரம் எழுத எண்ணியவர், அதற்குப் பதிலாக எழுதியதுதான் இந்தக் கதை. சோலை அறையில் தோன்றிய அந்த உருவம் விடைபெறும் நேரத்தில் தன் பச்சை அங்கியின் மடிப்பை விலக்குகிறது. உள்ளே எலும்பும் தோலுமாக இரண்டு குழந்தைகள்: அறியாமை, வறுமை. புத்தகத்தின் முதல் பிரதிகளுக்கு முன்னும் பின்னும் வைத்த பச்சைத் தாளின் பூச்சு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. டிக்கன்ஸுக்குப் பிடிக்கவில்லை, மஞ்சள் தாளுக்கு மாற்றினார்கள்.

அந்தக் கதையிலிருந்து உலகம் சோலையை எடுத்துக்கொண்டது, ஹாலி மகுடத்தையும் கணப்பையும் எடுத்துக்கொண்டது. மடிப்பை விலக்கும் கையை மட்டும் விட்டுவிட்டது. இன்று பிளாஸ்டிக் பச்சை விரலில் ஒட்டுவதில்லை. வாசலில் கட்டினாலும் யாரும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கடையில் அந்தச் சரத்தைத் திருப்பிப் பார்த்தேன். இலையின் அடியில், தண்டோடு சேரும் இடத்தில், விலைச் சீட்டு இருந்தது. செய்த கையைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.