சின்னப்பா படங்களும் சுவைஞர் பித்தும்

புதுக்கோட்டை மண்ணின் கலை வரலாற்றை ஆராயப் புகுவோர் சித்தன்னவாசல் ஓவியத்தையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் முதற்கண் எடுத்துரைப்பர். அது முறையே. ஆயினும், இந்நகரில் 1916-இல் பிறந்து 1951-இல் இங்கேயே மறைந்த பி. யு. சின்னப்பாவின் மாயாசாலப் படங்களையும், அவற்றின்பால் மக்கள் கொண்ட பித்தினையும் தொட அவர்கள் தயங்குகின்றனர். 'கண்ணகி' (1942) ஒன்றே விலக்கு. சிலப்பதிகாரத்தின் நிழல் அதற்குப் பெருமை தேடித் தந்தது. அப்படத்துக்கு இளங்கோவன் எழுதிய உரையாடலைப் போற்றுவோரும் 'ஜகதலப்பிரதாபன்' (1944) என்னும் படத்தைப் பெயரளவில் சுட்டி மேற்செல்வர். பித்து என இகழப்பட்ட அச்சுவையுணர்வு அறியாமையின்பாற் பட்டதன்று என்பது நம் கருத்து.

'ஆரியமாலா' (1941) காத்தவராயன் கதையாகும். அக்கதை தமிழகத்தில் கதைப்பாடலாகவும் ஈழத்தில் கூத்தாகவும் வழங்கி, பெரிய எழுத்துப் பதிப்பாக அச்சேறியதுமாகும். தெய்வ மங்கையரை விழைந்து தந்தையின் சினத்துக்கு ஆளாகிய இளவரசன் ஜகதலப்பிரதாபன் கதையும் வாய்மொழியாய் வந்ததே. எனவே கொட்டகையுள் புகுந்தோர் கதையறிய வந்தாரல்லர். அறிந்த கதை எங்ஙனம் நிகழ்த்தப்படுகிறது என அளவிட வந்தனர். தெருக்கூத்துக் காண்போரின் மனநிலையும் இதுவேயன்றோ?

அவர்கள் அளந்தவை எவை? பாடுபவராகவும் பக்கவாத்தியம் இசைப்போராகவும் ஐந்து சின்னப்பாக்கள் ஒருங்கே தோன்றும் காட்சி 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் உண்டு. படச்சுருளின் ஒரு பகுதியை மறைத்து மறுபகுதியில் ஒளி படச் செய்து, அதே சுருளை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பதிவதே அக்காலத்து உருப்பெருக்க முறை. ஒவ்வொரு முறையும் நடிகர் தாளம் பிசகாது நிற்றல் வேண்டும். நாடகக் குழுவில் பயின்ற சின்னப்பாவுக்கு அது கைவந்திருந்தது. சிலம்பமும் அவர் முறையாகக் கற்றவர்; கம்பு சுற்றத் தெரிந்த ஊரார் முன் பொய்ச்சண்டை செல்லாது. டூமாவின் பிரெஞ்சு நாவல் ஹாலிவுட் வழியே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வந்து 'உத்தமபுத்திரன்' (1940) ஆனபோது, இரட்டை வேடத்தையும் மக்கள் இவ்வாறே கூர்ந்து நோக்கினர். தியாகராஜ பாகவதர் சுவைஞரோடு சின்னப்பா சுவைஞர் இட்ட பூசலும் ஒருவகைத் திறனாய்வே. சொற்கள் மட்டும் சற்றுக் காரமானவை.

அவர் புதுக்கோட்டையில் 124 வீடுகள் வாங்கினார் என்றும், மேலும் வாங்கலாகாதென மன்னர் தடுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1948 மார்ச் 3 வரை தனியரசாயிருந்த ஊரில், அரசனையே அஞ்சவைத்த கூத்தனை மக்கள் கற்பித்துக்கொண்டனர் என்பதற்கு அக்கதையே சான்றாம்.

இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணை, கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். அவற்றின் கதைச்சுருக்கம், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிவதுண்டு. பாயிரம் வாணிகஞ் செய்த புதுமை அது! இத்தகைய துண்டு வெளியீடுகளைப் பேணியவர் பெரும்பாலும் தனிப்பட்ட ஆர்வலரே. புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டியவை 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. காத்தவராயன் கதைப்பாடலுக்குப் பாடவேறுபாடு காணும் நம் மாணவர், 'ஆரியமாலா' பாட்டுப் புத்தகத்தையும் ஒரு படியெனக் கொண்டு ஒப்பிடத் தொடங்கலாம்.