நெய்தலும் இழுவைமடியும்

சங்கப் பாடல்களில் ‘இறால்’ என்னும் சொல் பெரிதும் தேனடையைக் குறிக்கும். நம் மலைச்சாரலுக்கு உரியது அது. கடல்வாழ் உயிரை ‘இறவு’, ‘இறா’ என்றே நெய்தற் புலவர் வழங்கினர். இதனைக் கூறும்போதெல்லாம், கடலுக்கும் கடையத்திற்கும் என்ன தொடர்பு என்பார்போல் மாணவியர் நோக்குவர். நம் ராமநதி நீர் கடனா நதியோடு பொருநையிற் கலந்து புன்னைக்காயலில் கடலை அடைவதை நினைவூட்டுவேன்.

அங்கிருந்து வடகிழக்கே, இராமேசுவரத்திற்கு அப்பால் விரிவது பாக் நீரிணை. ஆழம் குறைந்த அதன் சேற்றுத்தரை இறாலின் உறைவிடம். 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் செய்த ஒப்பந்தத்தால் கேரளத்து நீண்டகரையில் விசைப்படகுத் திட்டம் தோன்றியது. பின்னர் இறால் ஏற்றுமதி பெருகவே, இழுவைவலை தமிழகக் கரையிலும் அரசின் ஆதரவோடு பரவியது. இறால் தரையோடு வாழ்வது. ஆதலின் மடியும் தரையை வாரியே செல்ல வேண்டும். கண் சிறுத்த மடியில் இறாலோடு மீன்குஞ்சும் நண்டும் சேர்ந்தே சிக்கும். விலைபோகாத இவற்றைச் ‘சங்காயம்’ என்பர், உலர்ந்து கோழித்தீவனமாகும். நாளைய மீன்வளம் இன்றைய தீவனமாவதே இத்தொழிலின் நோய்.

நாட்டுப்படகினரின் வலைகள் விசைப்படகுகளால் அறுபட்டமையால் 1970களில் கரையில் பூசல் மூண்டது. அதன் விளைவாகவே, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்னும் முறை பாக் நீரிணையில் அமைந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. மனிதரின் பூசலைத் தணிக்க எழுந்த ஏற்பாடுகளால் கடலும் சற்று இளைப்பாறியது! 2001இல் வந்த 45 நாள் தடைக்காலம் 2017இல் 61 நாளாயிற்று. ஆயினும் நாளைக் குறைப்பது மட்டும் போதாது என்பது என் துணிபு. தடை நீங்கிய அன்றே படகுகள் யாவும் ஒருங்கே பாயுமாயின், இரு திங்கள் வளர்ந்தது எத்தனை நாள் நிற்கும்?

2009இல் போர் ஓய்ந்தபின் இலங்கையின் வடபுலத் தமிழ் மீனவரும் கடலுக்குத் திரும்பினர். அவர்தம் வலைகளை அறுத்தவை நம் படகுகள் என்பதை எழுதக் கை கூசுகிறது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டில், 2000 இழுவைப் படகுகளுக்கு மாற்றாகச் சூரை பிடிக்கும் ஆழ்கடற் படகுகளைத் தரும் திட்டம் இராமேசுவரத்தில் தொடங்கப்பெற்றது. படகொன்றின் விலை அப்போது 80 இலட்சம் ரூபாயாக இருந்தது, மானியம் பெரும்பகுதி. எனினும் முன்வந்தோர் சிலரே. மாலை சென்று காலை மீளும் வழக்கினர்க்கு, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவது வேறொரு தொழிலாகவே தோன்றிற்று.