வெள்ளவத்தையும் வாடகை வீடும்

ஒரு நகரத்தின் சரித்திரத்தை அதன் மாளிகைகளையும் மணிக்கூட்டுக் கோபுரங்களையும் கொண்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆயின், அந்நகரை இயக்கும் மக்கள் இரவில் எங்கே தலைசாய்த்தனர், அதற்காக யாருக்கு எவ்வளவு கொடுத்தனர் என்று வினவும்போதுதான் சமுதாயத்தின் உண்மையுருவம் புலனாகும். கொழும்பின் தென்கோடியிலுள்ள வெள்ளவத்தை இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு களமாகும்.

1895ஆம் ஆண்டில் மாத்தறையை எட்டிய கரையோரப் புகையிரதப் பாதையே வெள்ளவத்தையைக் கோட்டையோடு பிணைத்தது. தொழில் ஓரிடத்திலும் வாழ்வு வேறோரிடத்திலுமாகப் பிரிந்தன. அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞராகச் சேர்ந்த யாழ்ப்பாணத்து இளைஞர் முதலில் அறை எடுத்தனர். பின்னர் குடும்பத்தை அழைத்து அனெக்ஸ் எடுத்தனர். இங்கிருந்த நூற்பு நெசவாலையின் தொழிலாளருக்கோ நெருக்கமான அறைகளே கிடைத்தன. 1933இல் அவ்வாலையில் எழுந்த வேலைநிறுத்தத்தின்போது மலையாளத் தொழிலாளருக்கெதிராக இனத்துவேஷம் தூண்டப்பட்டதை நாம் மறத்தலாகாது. வந்தேறி என்ற வசை, பின்னாளில் வாடகைக்குக் குடியிருந்தோரையும் விட்டுவைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் நகரில் வீட்டுப் பஞ்சத்தை உண்டாக்கியபோது, 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1948இல் அது புதுவடிவம் பெற்றது. நியம வாடகைக்கு மேல் வாங்குவதும், தக்க காரணமின்றிக் குடியெழுப்புவதும் தடுக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட முற்பணத்தையும் விலக்கிற்று. அடுத்த ஆண்டில், வீடமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமன் காலத்தில் வந்த உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகையையே வரையறுத்தது. மேலதிக வீடுகளில் குடியிருந்தோர் பலர் அவற்றுக்கே உரிமையாளராயினர். வாடகைப் பணத்தையே ஆயுள் முழுவதும் கட்டிவந்த எழுதுவினைஞன் ஒருவனுக்கு இது எத்தகைய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும், சட்டம் வீட்டைப் பங்கிட்டதே தவிர, தேவையான அளவுக்கு வீட்டைப் பெருக்கவில்லை. ஏற்கெனவே குடியிருந்தவன் காக்கப்பட்டான். புதிதாக வந்தவன் தரகரிடமும், இரகசியமாகக் கைமாறிய திறப்புப் பணத்திடமும் சிக்கினான். இக்குறையைச் சாட்டாகக் கொண்டே 1980ஆம் ஆண்டின் திருத்தம் புதிதாகக் கட்டி வாடகைக்கு விடப்படும் வீடுகளைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. சந்தை தன் விருப்பம்போல் விலை கூறத் தொடங்கிற்று.

1983 யூலையில் எரிந்த வீடுகளைச் சட்டம் காக்கவில்லை. சொந்தக்காரன், வாடகைக்காரன் என்ற பேதத்தைத் தீ அறியாது. 1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபின், வெள்ளவத்தையின் லொட்ஜுகளும் அறைகளும் அகதி வாழ்வின் தங்குமடங்களாயின. வாடகையோடு பொலிஸ் பதிவும் கேட்கப்பட்டது. 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பின் லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. வாடகை செலுத்தியவனுக்குத் தங்கும் உரிமை உண்டு என்ற எளிய நியாயத்தை நிலைநாட்ட நாட்டின் மிகவுயர்ந்த நீதிமன்றம் வேண்டியிருந்தது!

பழைய வளவுகள் நின்ற இடங்களில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. அவற்றுட் பலவற்றைப் புலம்பெயர்ந்தோரின் பணம் எழுப்பியது. ஆனால், காலையில் கோட்டைப் புகையிரதத்தை எதிர்பார்த்து நிற்கும் சிற்றூழியனுக்கு அவற்றின் கதவுகள் திறப்பதில்லை. தமிழன் தமிழனுக்கு வீடு கொடுப்பதால் மட்டும் வாடகை குறைந்துவிடாது, உடைமைக்கு இனமில்லை.

இச்சரித்திரம் உணர்த்துவது இதுவே: கட்டுப்பாடு மட்டும் போதாது, சந்தையின் கருணையும் போதாது. உழைப்போருக்காகப் பொதுப் பணத்தில் வீடு கட்டப்படுவதும், அவ்வீட்டில் அச்சமின்றி வாழும் குடியுரிமை உறுதிப்படுவதும் ஒருங்கே நிகழ வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெற்றவர்களின் துயரத்துக்கு வெள்ளவத்தையின் தெருக்களே சாட்சி.