கொலுப்படிகள் கூறும் வரலாறு

ஒரு வீட்டின் கூடம் அவ்வீட்டாரின் வரலாற்றைச் சொல்லும். சுவரில் மாட்டிய படமும் மாடத்தில் வைத்த பொம்மையும் எழுதப்படாத ஏடுகளே. பழம்பொருள்களைத் தொகுத்து அறையை அணிசெய்தல் மேனாட்டார்க்கே உரிய கலை எனக் கருதுவாருளர். அக்கருத்துப் பொருந்தாது. நவராத்திரியின்போது தமிழர் இல்லங்களில் வைக்கப்பெறும் கொலு அக்கலையின் முதிர்ந்த வடிவமேயாகும்.

கொலு என்பது அரசன் வீற்றிருக்கும் அவையைக் குறிக்கும் சொல். 1520ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியப் பயணி தொமிங்கோ பாயஸ், மகாநவமி விழாவில் மன்னன் வீற்றிருந்த மாட்சியையும், அவன்முன் சென்ற யானை, குதிரைகளின் அணிவகுப்பையும் விரித்துரைத்துள்ளார். அரண்மனையில் நிகழ்ந்த அவ்விழாவே பின்னர் இல்லத்தினுள் சிறுவடிவம் பெற்றது என்பர் ஆய்வாளர் சிலர்.

படிகளின் வைப்புமுறை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. கீழ்ப்படியில் புல்லும் மரமும், அடுத்து நத்தையும் சங்கும், அதன்மேல் கறையானும் எறும்பும், பின்னர் நண்டும் வண்டும், ஐந்தாம் படியில் விலங்கும் பறவையும், ஆறாவதில் மாந்தர், அதற்குமேல் ஞானியரும் தெய்வங்களும் என அடுக்குவது ஒரு மரபு. தொல்காப்பிய மரபியல் வகுத்த ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான பகுப்பை இவ்வடுக்கு நம் கண்முன் நிறுத்துகின்றதன்றோ?

இவற்றுள் சிறார் நெஞ்சை அள்ளுவது ஐந்தறிவுப் படியே. பண்ணுருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் வனையப்பெற்ற யானை, பசு, கிளி ஆகியவற்றோடு, சட்டையணிந்த பூனையும் நூல் படிக்கும் குரங்கும் அங்கே அமர்ந்து நகைப்பூட்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வார்க்கப்பட்ட பீங்கான் உருவங்களும் கடல்வணிகத்தின் வழியே தமிழர் இல்லங்களை அடைந்தன. ஆண்டுதோறும் ஒரு புதுப்பொம்மையேனும் சேர்ப்பது வழக்கமாதலின், பாட்டி பேணிய மரப்பாச்சிக்கு அருகே பேத்தி வாங்கிய பீங்கான் முயல் இடம்பெறும். தலைமுறைகள் பல ஒரே கூடத்தில் சந்திக்கும் காட்சி அது.

இனி நம் தெப்ராவை நோக்குவோம். கம்பீரும் மிளகும் விளைந்த இம்மண்ணில் பின்னர் இரப்பர் தோட்டங்கள் எழுந்தன. கடல்கடந்து வந்த தொழிலாளர் கையில் கொணர்ந்த பொருள் சிறிது. லயத்து அறையோ அதனினும் சிறிது. அங்கே ஒன்பது படி அமைக்க இடமேது? ஆதலின் அவர்கள் காத்த மண் உண்டியலும் பித்தளைச் செம்புமே அவர்தம் பழம்பொருள்கள். தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் வணிக வளாகங்களாகவும் மாறியபோது, பழையன என்று கழிக்கப்பட்டவற்றுள் அவையும் அடங்கும். பொருள் போயின், அதனைப் பற்றிய கதையும் உடன்போகும்.

எஞ்சியவற்றையேனும் காத்தல் நம் கடன். வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைக் குறித்து முதியோரிடம் கேட்டு எழுதிவருமாறு ஆசிரியர்கள் மாணவரைப் பணிக்கலாம். வகுப்பறையின் ஒரு மூலையில் சிறு கொலுவும் அமைக்கலாம். ஜொகூரிலேயே மட்பாண்டத்திற்குப் பெயர்பெற்ற ஆயர் ஈத்தாம் உள்ளது. மலாய்க் கதைகள் போற்றும் அறிவுமிக்க சருகுமானும் இந்நாட்டுக் காட்டு இருவாய்ச்சியும் இம்மண்ணிலேயே உருப்பெற்று ஐந்தறிவுப் படியில் ஏறுமாயின், தொல்காப்பியர் வகுத்த நெறிக்கு அதனால் இழுக்கொன்றும் இல்லை. பாட்டியின் மரப்பாச்சியும் அவற்றைத் தன் அவைக்கு மகிழ்ந்தே ஏற்கும்.