பட்டியல்களும் குடிமையும்: புதுவை வரலாறு உணர்த்தும் உண்மை

ஒரு நாட்டின் குடிமகன் யார் என்பதை அவனுடைய இனம் முடிவு செய்கிறதா, பிறந்த மண் முடிவு செய்கிறதா, அன்றி அரசு தரும் தாள் முடிவு செய்கிறதா? இவ்வினாவுக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருக்கனூர் எல்லையில் நின்றாலே போதும். ஒரு வரப்புக்கு இப்பால் பிரெஞ்சு ஆட்சி. அப்பால் ஆங்கில ஆட்சி. இருபுறமும் பேசிய மொழி ஒன்று; கொண்டு கொடுத்த உறவும் ஒன்றே. எனினும் இருவேறு பேரரசுகளின் குடிகளாக அம்மக்கள் எண்ணப்பட்டனர்.

பிரெஞ்சுப் புரட்சி சமத்துவத்தை முழங்கியது. ஆனால் புதுவையில் அம்முழக்கம் எளிதில் செயல்வடிவம் பெறவில்லை. 1873ஆம் ஆண்டு வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர் அணியும் காலணியுடன் நீதிமன்றம் சென்றபோது தடுக்கப்பட்டார். அவர் பாரிசிலிருந்த உயர் நீதிமன்றம் வரை வழக்கை எடுத்துச் சென்று வெற்றி பெற்றார். காலில் அணியும் செருப்பு அன்று குடியுரிமையின் அளவுகோலாயிற்று!

1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, இந்தியர் தம் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிவகுத்தது. துறந்தோர் குடும்பப் பெயர் ஒன்றையும் பூண வேண்டும். இவர்களே 'ரெனோன்சான்' எனப்பட்டனர். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' என்னும் பெயர் பூண்டார். 'வாயில்' என்பது அதன் பொருள். சாதிக் கொடுமைக்கு ஆளானோருட் பலர் இவ்வாயிலை விடுதலையின் வழியாகவே கண்டனர். எனவே இதனை வெறும் அயல்மோகம் என்று இகழ்தல் நேர்மையாகாது.

ஆனால் வாயிலைக் கடந்தவர்க்கு உள்ளே மற்றொரு சுவர் காத்திருந்தது. 1884இல் வாக்காளர் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஐரோப்பியரும் அவர் வழியினரும் ஒன்று, துறந்தோர் ஒன்று, ஏனைய இந்தியர் ஒன்று. சட்டத்தால் பிரெஞ்சுக்காரராகியும் இவர்கள் ஐரோப்பியர் பட்டியலில் இடம்பெறவில்லை. கையளவு ஐரோப்பியர், தம் எண்ணிக்கைக்குப் பொருந்தாத செல்வாக்கைப் பெற்றனர். 1899இல் மூன்று இரண்டாயிற்று. துறந்தோரில் தகுதி வரையறைக்கு உட்பட்ட சிலரே முதற்பட்டியலில் இடம்பெற்றனர். 1945இல்தான் பட்டியற் பிரிவினை ஒழிந்தது. இனப்பெயர் மனிதனின் இயல்பை உரைக்கவில்லை. உரிமையைப் பங்கிடும் கருவியாகவே பயன்பட்டது என்பது இதனால் பெறப்படும்.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அங்கு எவருடைய தோல் நிறமும் கேட்கப்படவில்லை; விருப்பமே கேட்கப்பட்டது. நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறியது. 1956இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்குப் பிறந்து இங்கு வாழ்ந்தோர் இந்தியக் குடிகளாயினர். விரும்பியோர் ஆறு திங்களுக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொள்ளலாம். இந்தியாவுக்கு அப்பால் அயல்நாட்டில் குடியிருந்தோரோ, வேண்டாம் என்று உரைத்தாலன்றிப் பிரெஞ்சுக் குடிகளாகவே நின்றனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருள் சைகோனில் வாழ்ந்தவன் பிரெஞ்சுக்காரன், ஊரில் ஏர் பிடித்தவன் இந்தியன் என்றாகும் நிலை இவ்வாறு பிறந்தது. இவர்களுள் எவன் தமிழன் அல்லன்?

அடையாளப் பெயர்கள் முற்றிலும் பொருளற்றவை என்று நான் கூற வரவில்லை. ஓய்வூதியம், வாக்குரிமை, கடல் கடந்த வாழ்வு ஆகிய யாவும் அப்பெயர்களைப் பற்றியே அமைந்தன. ஒடுக்கப்பட்டோர் தம் குறையை எடுத்துரைக்கவும் பெயர் வேண்டும். ஆயினும் உரிமை கேட்பதற்குரிய பெயர் வேறு. உரிமை மறுப்பதற்குரிய பெயர் வேறு. முன்னது நீதிக்குத் துணை. பின்னது நாட்டுக்குப் பகை.

நாடு என்பது குருதியால் அமைவதன்று. சேர்ந்து வாழ ஒப்பும் மனத்தாலும், அம்மனத்துக்கு அரசு அளிக்கும் சமமதிப்பாலும் அமைவது. மூன்று பட்டியல்களில் பிரிந்து நின்றோரின் பேரர்கள் இன்று நம் கிராமங்களில் ஒரே வரிசையில் நின்று வாக்களிக்கின்றனர். அவ்வரிசை மீண்டும் பிரியாமற் காத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.