ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணக் கத்தோலிக்கரும் இடுக்கணழியாமையும்

கிறித்துவ மறைநூலின் புதிய ஏற்பாட்டில் துன்பத்தைப் பற்றிய பேச்சு எழும் இடங்கள் பலவற்றில் ஒரு கிரேக்கச் சொல் பயின்று வருகின்றது. 'ஹிப்பொமொனே' என்பது அச்சொல். சுமையின் கீழ் நின்று பெயராதிருத்தல் என்பது அதன் உறுப்புப் பொருள். தமிழில் மறைநூலைப் பெயர்த்தோர் இதனைப் பெரும்பாலும் 'பொறுமை' என்றே வழங்கினர். அவ்வழக்கு நிலைபெற்றுவிட்டமையின் அதனைக் குறை கூறுவது எம் கருத்தன்று. எனினும் திருவள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலில் வைத்து, பிறர் செய்த தீங்கைப் பொறுத்தலாகிய பண்பினை ஆண்டு ஓதினார். துன்பத்திற்குத் தளராமையை வேறாகப் பிரித்துப் பொருட்பாலில் இடுக்கணழியாமை என அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னர் ஆள்வினையுடைமையை நிறுத்தினார். முயற்சியின் பின் வருவது இடுக்கணழியாமை என்னும் இவ்வைப்புமுறை ஈண்டு நோக்கத்தக்கது. கிரேக்கச் சொல்லின் பொருள் பொறையினும் இதனோடு நெருங்கிய உறவுடையது என்பது எம் துணிபு.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் ஒல்லாந்தர் ஆட்சியில் 1658 முதல் 1795 வரை வாழ்ந்த வாழ்வை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா இதனைச் சார்ந்தே நிற்கின்றது. அவர்கள் பொறுத்திருந்தனர் என்று எழுதுவோர் உளர். பகலில் ஒரு சமயமும் இரவில் ஒரு சமயமுமாக வாழ்ந்த இரட்டை வேடத்தினர் என்று எழுதுவோரும் உளர். இரு சாராரும் அம்மக்கள் நாள்தோறும் யாது செய்தனர் என்பதை உற்று நோக்கினாரில்லை.

பறங்கியரிடமிருந்து மன்னாரும் யாழ்ப்பாணமும் 1658-இல் ஒல்லாந்தர் கைப்பட்டன. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். குரு எவருக்கேனும் புகலிடம் அளித்தல் கொலைத் தண்டனைக்குரிய குற்றம் என அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. பறங்கியர் எடுப்பித்த கோயில்கள் சீர்திருத்த சபையின் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. அப்பள்ளிக்கூடமே ஆட்சியின் கண்ணும் காதுமாய் அமைந்தது. பிறப்பும் திருமணமும் அங்குள்ள ஏட்டில் பதியப்பெறல் வேண்டும். பிள்ளைகள் வாராதொழியின் பெற்றோர் தண்டம் இறுக்க வேண்டும். சீர்திருத்த சபையில் ஞானஸ்நானம் பெறாதார்க்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அச்சபையின் வழி நடவாத திருமணம் சட்டத்தின் முன் திருமணமாகாது; ஆகாதெனின் பிறந்த பிள்ளைக்குக் காணியுரிமை ஐயத்திற்கிடமாகும். தோம்பில் பெயரில்லாதவன் தன் பாட்டன் உழுத நிலத்திலும் அயலானே. யாழ்ப்பாணத்தில் காணி என்பது யாதென அறிந்தார்க்கு இந்நெருக்குதலின் கடுமையை விரித்துரைக்க வேண்டுவதின்று.

ஆகவே மக்கள் பதிந்தனர். சைவரும் பதிந்தனர், கத்தோலிக்கரும் பதிந்தனர். பதிந்த பின்னர்க் கத்தோலிக்கர் செய்தது யாது என்பதே எம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

குருவின்றி நிகழத்தக்கவை எவை, நிகழத்தகாதவை எவை என்பதில் கத்தோலிக்க நெறி தெளிவான வரம்புடையது. பூசை குருவின்றி இல்லை. பாவசங்கீர்த்தனத்திற்கு மன்னிப்பு அளித்தலும் குருவுக்கே உரியது. ஆயின் ஞானஸ்நானம் அளித்தல், இடர்ப்பாடு நேர்ந்துழி, எவர்க்கும் இயலும். செபமாலை சொல்லுதற்கும், விரதங் காத்தற்கும், இறப்பவன் அருகிருந்து மன்றாடுதற்கும் குரு வேண்டுவதில்லை. இவ்வரம்பிற்குள் நின்றே மூப்பரும் அண்ணாவிமாரும் ஊர்தோறும் சமயத்தைக் காத்தனர். திருநாட்களை நினைவிற் கொண்டு அறிவித்தல், பிள்ளைகட்கு மந்திரங்களை வாய்ப்பாடமாக்குதல், திருச்சொரூபங்களை மறைத்து வைத்தல் ஆகியவை ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பணிகள். எவரேனும் ஒரு தலைமுறை ஓய்ந்திருப்பின் அடுத்த தலைமுறையில் ஒன்றும் எஞ்சியிராது. பொறுமை என்னும் சொல் இவ்வுழைப்பினைச் சுட்டப் போதாது. ஜப்பானில் 1865-இல் நாகசாகிக் கோயிலிற் குருவைத் தேடி வந்து தம்மை வெளிப்படுத்திக்கொண்ட உராகாமி மக்களும் இருநூறு ஆண்டுகட்கு மேல் இம்முறையிலேயே நிலைத்திருந்தனர் என்பதை ஒப்பு நோக்கலாம். எனினும் யாழ்ப்பாணத்தார்க்குக் குருவில்லாக் காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டே.

மாந்தைக் கோயிலிலிருந்த மாதாவின் சொரூபத்தை 1670-ஆம் ஆண்டளவில் சில குடும்பத்தினர் எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டிற் புகுந்து மருதமடுவில் வைத்தனர் என்பது வழிவழி வழங்கும் செய்தி. இன்றைய மடுத்திருப்பதியின் தொடக்கம் இதுவே என்பர். ஒல்லாந்தர் எல்லைக்குப் புறத்தே ஓரிடம் தேடிக்கொள்ளுதலும் நிலைத்திருத்தலின் ஒரு வகையாகக் கருதப்பட்டமை இதனாற் புலனாகும். ஓடினோரையும் இருந்தோரையும் மரபு வேற்றுமையின்றிப் போற்றுகின்றது.

இந்நிலையில் 1687-இல் யோசேவ்வாஸ் அடிகள் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். அவர் 1651-இல் கோவைக் கடற்கரை நாட்டில் (கோவா) பெனவுலிம் என்னும் ஊரிற் கொங்கணி அந்தணக் குடியிற் பிறந்தவர். ஐரோப்பியக் குருமார் தோற்றத்தாலேயே பிடிபடுவர். இந்தியராதலின் இவர் கூலியாள் வேடத்திற் கடல் கடத்தல் கூடிற்று. தூத்துக்குடியிலிருந்து வந்த கலத்தில் வயிற்றுக்கடுப்பு நோய்ப்பட்டு, கரை சேர்ந்த பின்னர் ஆதரவற்றுக் கிடந்தார் என்றும், ஊர்ப்பெண் ஒருத்தி வார்த்த கஞ்சியால் உயிர் தப்பினார் என்றும் அவர் வரலாறு கூறும். உடல் தேறியபின் அவர் செய்த செயல் எண்ணத்தக்கது. கழுத்திற் செபமாலையை அணிந்து, வீடுவீடாக இரந்து சென்றார். யார் கத்தோலிக்கர் எனக் கேட்டறிதல் இயலாது. கேட்பவனும் கேட்கப்படுபவனும் இறப்பர். மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகின்றது என நோக்கினார். அவரை முதலில் நம்பி ஏற்றுக்கொண்டோர் வழியாகச் சில்லாலை என்னும் ஊர் அவருக்கு உறைவிடமாயிற்று. குருவைக் கொணர்ந்து நிறுத்துதற்கு ஓர் ஊர் முழுதும் வாய்மூடி நிற்றல் வேண்டும். முப்பது ஆண்டுக் கால ஒழுங்கு இன்றேல் அந்த ஊர் அவ்வாறு நின்றிராது. வாஸ் அடிகள் அவிந்த சாம்பலில் தீ மூட்டினார் என்று புகழ்ந்துரைப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். தீ அவியவில்லை.

இரவிற் பூசை, விடியுமுன் வேறிடம் என்பது அவர் முறை. 1689-ஆம் ஆண்டுக் கிறித்து பிறப்பு விழாவின்போது படைவீரர் வழிபாட்டிற்குக் கூடியிருந்தோர் மேற் பாய்ந்து ஏறத்தாழ முந்நூற்றுவரைச் சிறைப்பிடித்தனர் என்றும், முதன்மையானோர் கசையடியுங் கடுந்தண்டனையும் பெற்றனர் என்றும் அவர் வரலாற்றாசிரியர் உரைப்பர். வாஸ் அடிகள் அவர்கள் கையில் அகப்படவில்லை. அவர் தப்பியதை அருஞ்செயலாக விரிப்போர், அடிபட்டோரின் பெயரையும் பிறகு அவர்கள் பட்டதையும் ஒரு வரியிற் கடந்து செல்கின்றனர். எமக்கு இது மனக்குறையே.

பின்னர் அவர் புத்தளம் வழியாகக் கண்டி சேர்ந்தார். ஆண்டும் பறங்கி ஒற்றன் என்னும் பழிச்சொல்லால் 1692-இற் சிறைப்பட்டார். சிறை நாளடைவில் தளர்ந்தது. இரண்டாம் விமலதருமசூரியனின் நல்லெண்ணம் அவருக்குக் கிட்டியமைக்கு வறட்சிக் காலத்து மழையொன்று காரணமெனச் சமய மரபு கூறும். ஒல்லாந்தர்க்கு இணங்காதார் எவரையும் கண்டி மன்னர் முற்றும் வெறுத்திலர் என்பதையும் வரலாற்று மாணவர் உடன்வைத்து எண்ணுதல் தகும். 1697-இல் அம்மை நோய் பரவியபோது நோயாளரைக் கைவிடாது அவர் பேணியமை அவர்க்கு அந்நகரில் நிலையான மதிப்பைத் தேடித் தந்தது. கோவாவினின்று பிற குருமார் வந்து சேர்ந்தனர். ஒல்லாந்தர் கைக்கெட்டாத கண்டி நாடே அக்குருமார்க்கு நிலைக்களனாய், அங்கிருந்து கரையோர மக்களிடம் மறைவாகச் சென்று வருதல் அவர் வழக்கமாயிற்று. வாஸ் அடிகள் 1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறந்தார். 2015 சனவரி 14-இற் கொழும்பிற் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதர் என அறிவித்தார்.

அவர்க்குப் பின்னர் இலக்கியத் துறையில் நமக்கு வேண்டுவது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் பணி. தமிழ் மக்கள் இவரைச் சாங்கோபாங்க சுவாமி என்றனர். 1705-இல் இலங்கை வந்து 1742-இல் இறந்த இவர் சிங்களத்திலும் தமிழிலும் நூல் பல யாத்தார். குருவில்லாத ஊரில் ஒருவன் எடுத்து வாசிக்கப் பலர் கேட்டல் என்னும் தேவையே அவர் உரைநடையின் போக்கை வகுத்தது என்பது எம் கருத்து. சுவிசேஷ விரித்துரையும் வியாகுலப் பிரசங்கமும் பயில்வார் இதனை எளிதில் உணர்வர். அச்சுப்பொறி ஒல்லாந்தர் கையிலிருந்தது. கத்தோலிக்கர் கையிலிருந்தது ஓலையும் எழுத்தாணியுமே. தெல்லிப்பழை அருளப்ப நாவலர் இயற்றிய திருச்செல்வர் காவியமும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தந்தையாகிய மன்னன் தடுப்பவும் மறையை விடாத இளவரசன் யோசபாத்தின் கதை அது. அரசாணையை மீறி நம்புதல் எனும் பொருளை அக்காலத்து யாழ்ப்பாணத்துப் புலவர் காவியமாக்கத் தேர்ந்தமை தற்செயலன்று எனக் கருதுகின்றோம். அக்கதை புத்தர் பெருமான் வரலாற்றினின்று பல மொழி கடந்து கிறித்துவக் கதையாகத் திரிந்தது என்பது வேறு சுவையான செய்தி.

இவ்வரலாற்றிற்குரிய சான்றுகளைப் பற்றி ஒரு சொல் கூறல் வேண்டும். குருமார் எழுதிய மடல்களும், அவற்றைக் கொண்டு செபஸ்தியான் தோ ரேகோ 1745-இல் வெளியிட்ட வாஸ் வரலாறும் ஒரு தரப்பு. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்தேயு பாதிரியார் 1672-இல் வெளியிட்ட நூலும் ஆட்சியாளர் எழுதிவைத்த குறிப்புகளும் மறுதரப்பு. முன்னையோர் உறுதியைப் பெரிதாக்கினர். பின்னையோர் பதிவேட்டின் எண்ணிக்கையைப் பெரிதாக்கினர். பதிந்தோருள் உண்மையாகவே சீர்திருத்த சபையைத் தழுவியோரும் இருந்தனர். அவரை விலக்கி எழுதுதல் நேர்மையாகாது. பகலில் அங்கும் இரவில் இங்கும் நின்றோர்க்கும் உள்ளத்தில் அமைதி இருந்திராது. வாஸ் அடிகளிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தோர் தம் பொய்ப்பதிவையும் அறிக்கையிட்டிருப்பரன்றோ? வேடமே விருப்பமாயின் உயிரை அடகுவைத்து இரவில் வர வேண்டுவதில்லை. ஆகவின் அவர்களை இரட்டை வேடத்தினர் என்னும் தீர்ப்பு ஒருபாற் கோடியது என்க.

பதிவேட்டின் மெய்ம்மை பின்னர் வெளிப்பட்டது. 1796-இல் இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி முற்றும் நீங்கியது. 1806-இல் ஆளுநர் மெயிற்லண்டு கத்தோலிக்கர்மீது இருந்த தடைகளைச் சட்டத்தால் அகற்றினார். சீர்திருத்த சபையிற் பெயர் பதிந்திருந்த பெருந்தொகையினர் சில ஆண்டுகளிற் கலைந்து, சைவர் தம் கோயிலுக்கும் கத்தோலிக்கர் தம் கோயிலுக்குமாகத் திரும்பினர். சாங்கோபாங்க சுவாமியின் வியாகுலப் பிரசங்கம் அதன் பின்னர் மறைவிடம் விட்டு வெளிவந்தது. இன்றும் தவக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் அதனை இழுத்து இசைத்து வாசிக்க, மக்கள் முழந்தாளிட்டுக் கேட்கின்றனர்.